ஞாயிற்றுக்கிழமைப் பட்டினி

இதை எனக்குச் சொன்னவள் என் அறைத்தோழி. அவளுக்குச் சொன்னது அவளுடைய அக்கா. கை மாறி வந்த விஷயம் என்பதால், கேட்டதற்கு மேல் நானாக எதுவும் சேர்க்கவில்லை.

"மேடம், இது பொய்."

சொல்லிவிட்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. ஆய்வுக்கூடத் தலைவியிடம் ஓர் ஆராய்ச்சி மாணவி பேசுகிற பேச்சா இது?

மேடம் நிமிரவில்லை. கட்டுரையில் ஏற்கெனவே அடித்த வரியின் மேல் சிவப்புப் பேனாவால் இன்னொரு கோடு போட்டார்.

அக்கா எழுதியிருந்தது: 'ஞாயிறு தவிர மற்ற நாட்களில் செல்களுக்கு உணவு மாற்றப்பட்டது.'

மேடம் திருத்தியது: 'தினமும் மாற்றப்பட்டது.'

"ஞாயித்துக்கிழமை யாருமே வரக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? அப்புறம் எப்படி மேடம் தினமும்?"

"தினமும்னு போடும்மா. திங்கக்கிழமை அனுப்பணும்."

"ஆனா..."

"என் பேரும்தான் அதுல இருக்கு. பயப்படாதே."

பேச்சு அவ்வளவுதான். இந்தக் கட்டுரை போனால்தான் அக்காவுக்குப் பட்டம்.

தட்டில் வளரும் ஸ்டெம் செல்கள் கைக்குழந்தை மாதிரி. சிவப்பாக ஒரு திரவம், அதுதான் சாப்பாடு. பழசானால் மஞ்சளாகிவிடும். மாற்றாமல் விட்டால் செல்கள் சுருண்டுவிடும்.

"சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பங்கு ஊத்திட்டுப் போங்க, தாங்கும்" என்பது மேடத்தின் உத்தரவு. அக்கா முதலில் நம்பவில்லை. ஆனால் திங்கட்கிழமை வந்து பார்த்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். செல்களும் கொழுகொழுவென்று இருக்கும். ஒரு நாள் பட்டினியைத் தாங்குகின்றனவே! கட்டுரையிலேயே அக்கா பெருமைப்பட்ட இடம் அதுதான். அதில்தான் சிவப்புக் கோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்ததே ஒரு கதை. கூடத்தின் மூத்த ஆராய்ச்சியாளருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயாது; ஞாயிறுகூடக் கூடத்திலேயேதான் கிடப்பார். ஒருநாள் அவருடைய மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அது அப்பாவைப் பார்த்து "அங்கிள்" என்றது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி மேடத்திடம்.

அக்கா இப்போது அதே ரேடியோவிடம்தான் புலம்பினாள்.

"நீ வேற, தங்கச்சி. சட்டமெல்லாம் நமக்குத்தான். கடைக்குப் போறப்ப பாத்தேனே, ஞாயித்துக்கிழமை அவங்க கார் இங்கதான் நிக்குது. நம்மள வீட்டுக்கு அனுப்பிட்டு, தன்னோட ஆராய்ச்சிய மட்டும் முன்னேத்திக்கறாங்க. இதுல உன்னைப் பொய் வேற எழுதச் சொல்றாங்களா? பலே!"

வீட்டில் கணவர், சாப்பிட மறுத்த மகனுக்குப் பின்னால் கிண்ணத்தோடு ஓடிக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு வார்த்தைதானே? போட்டுட்டுப் போயேன்."

"ஒரே வார்த்தைதாங்க. எங்க வம்சத்துலயே முதல் டாக்டர் பட்டம். அதுக்குள்ள ஒரு பொய் உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வருமா?"

"அப்ப என்னதான் பண்ணப்போறே?"

"ஞாயித்துக்கிழமை மேடம் திறந்து வெச்சிருப்பாங்கல்ல, போய்த் தட்டுகளைப் போட்டோ எடுக்கப்போறேன். உணவு மாத்தலைங்கறதுக்கு ஆதாரம் வேணும்ல? அப்புறம் பட்டம் போனாலும் போகட்டும்."

போனாள். பூட்டு திறந்தே கிடந்தது. கதவை லேசாகத் தள்ளினாள்.

மேடம் வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தார். மேஜை நிறையத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்து, புதுச் சிவப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். கூடவே பேச்சு.

"இது ரேடியோவோடது. அவனை மாதிரியே அடங்கறதில்ல, தட்டு கொள்ளாம வளந்திருக்கு. இது நம்ம பொண்ணோடது. ஐயோ, பசிச்சிடுச்சா?"

அக்காவின் கையிலிருந்த போன் தாழ்ந்தது. "மேடம்..."

மேடம் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"நீ ஏன் வந்தே? குழந்தை எங்கே?"

"அவங்கப்பாகிட்ட. மேடம், ரெண்டு பங்கு ஊத்தினாத் தாங்கும்னு சொன்னீங்களே?"

"தாங்காது."

"அப்புறம் ஏன்..."

"உண்மையைச் சொன்னா நீங்க ஒருத்தராவது வீட்டுக்குப் போயிருப்பீங்களா?" மேடம் அடுத்த தட்டை எடுத்தார். "ஆனா உன் கட்டுரையில அந்த வரியைப் பாத்ததும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. வீட்டுக்கு அனுப்பறதுக்காக நான் சொன்ன பொய், உன் ஆராய்ச்சிக்குள்ள போய் உக்காந்துடுச்சே! அதைத்தான் அடிச்சேன்."

அக்கா போனைப் பைக்குள் போட்டாள். "இனிமே முறை வெச்சுக்கலாம் மேடம். ஆளுக்கு ஒரு ஞாயிறு."

"உங்க பிள்ளைங்க பெரிசாகட்டும், பாக்கலாம். என் பசங்க வளந்து வேலைக்கே போயாச்சு. ஞாயித்துக்கிழமை என்னை வீட்டுல தேடறதுக்கு யாரு இருக்கா? இப்பக் கிளம்பு. போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வரும்."

திங்கட்கிழமை அக்கா கட்டுரையை அனுப்பினாள். 'தினமும்' என்றே போட்டு.

கட்டுரை வெளியானதும் தேடிப் படித்தேன். 'தினமும் உணவு மாற்றப்பட்டது' என்று இருக்கிறது. யார் மாற்றினார்கள் என்று எழுதும் வழக்கம் அங்கே இல்லை போலும்.

ஆனாலும் 'தன்னோட ஆராய்ச்சி' என்று ரேடியோ சொன்னது என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் தோழியோடு அந்தக் கூடத்துக்கே போனேன். செல்கள் வளரும் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஒவ்வொரு தட்டின் மேலும் அதை வளர்ப்பவரின் பெயர் ஒட்டியிருந்தது. ஒன்று விடாமல் படித்துப் பார்த்தேன்.

மேடத்தின் பெயரில் ஒரு தட்டுகூட இல்லை.