நாற்பத்தேழாம் பக்கம்

“கூப்பிட்டா ஏன் மேடம் திரும்ப மாட்டேங்கிறாங்க? காதுல விழும்ல?”

தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்த நூலகத்து அம்மா கையை நிறுத்தினார். மேசைக்கு எதிரே அந்தப் பெரியவர் விறைப்பாக நின்றிருந்தார். இரண்டு மாதமாக இதே கதைதான். மூன்று மணிக்கு வருவார். ஆட்டிசம் பற்றிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆறு மணிக்குக் கிளம்பும்போது, பூட்டிக் கிடக்கும் பின்கதவின் தாழ்ப்பாளை ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். யாரும் சொல்லவில்லை, அவராகவே.

“விழும் ஐயா. எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து விழும். அதுல உங்க குரல் எதுன்னு பிரிச்செடுக்கிறது கஷ்டம். போன புத்தகத்துல வந்துச்சே.”

“வந்துச்சு. மண்டையில நிக்கலை.”

“என்ன பெரியவரே, பரீட்சை எழுதப் போறீங்களா?” என்றார் ஓசிப் பேப்பர். ஒரு நாளும் காசு கொடுத்துப் பேப்பர் வாங்காததால் அவருக்கு அந்தப் பெயர். ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிற மனுஷன். “வீட்டுல பையனுக்கா? எங்க மச்சான் பையனும் இப்படித்தான். நாலு சாத்து சாத்தினா எல்லாம் தானா சரியாப் போயிடும்.”

பெரியவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பேப்பரைப் பாருங்க!” என்றார் அம்மா. அவர் குரல் இப்படி உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. ஓசிப் பேப்பர் வாயை மூடிக்கொண்டு, தலைகீழாகப் பிடித்த பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

“இங்க இருந்த நாலும் முடிச்சிட்டீங்க ஐயா. இந்தாங்க, இது ஒரு வீட்டிலேருந்து வந்தது.”

அலமாரியிலிருந்து அல்ல, மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டை நைந்துபோன புத்தகம். ஓரமெல்லாம் பென்சிலில் சாய்ந்த கையெழுத்து. ‘இவனும் இப்படித்தான்.’ ‘செருப்புகளை வரிசையாக அடுக்காமல் தூங்க மாட்டான்.’ ‘பிரஷர் குக்கர் சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொள்கிறான்.’

பெரியவர் அச்சிட்டதை விட்டுவிட்டுப் பென்சிலையே படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது.

ஆறு மணிக்கு ஓசிப் பேப்பர் எழுந்து போனார். பெரியவர் மறுபடி மேசைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அடிக்கக் கை ஓங்குறப்ப சிரிச்சா, அது திமிருதானே? நம்மளக் கிண்டல் பண்றதுதானே? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். ரெண்டு வருஷமாத் தூக்கமில்லை.”

“அடிச்சீங்களா?”

“மூணு தடவை கூப்பிட்டேன் மேடம். கல்லுளிமங்கன் மாதிரி நின்னான். இருபது வயசு, வாட்டசாட்டமா இருப்பான். பார்த்தா ஒண்ணுமே தெரியாது. தடியை ஓங்கினதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சான். எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு.”

“நாப்பத்தேழாம் பக்கம் எடுங்க. சத்தமாப் படிங்க.”

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“‘பயம் அளவு மீறும்போது... சிலர் சிரிப்பார்கள். அது... கேலி அல்ல.’”

“ஓரத்துல இருக்கிறதையும்.”

“‘ஆமாம். ஊசி போடும்போதெல்லாம் சிரிக்கிறான். அப்புறம் ரொம்ப நேரம் என் கையை விடுவதில்லை.’”

அவ்வளவுதான். பெரியவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார். அம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“அவன் எம் புள்ளை இல்ல மேடம்,” என்றார் பெரியவர், தலை நிமிராமலே. “நான் பின் தெருவுல குடோன் வாட்ச்மேனா இருந்தவன். கேட்டு மூடுற நேரம், உள்ளே யாரோ நிக்கிறான்னு ஓடினேன். மூணு தடவை கூப்பிட்டும் பதில் வரலைன்னா தடியை எடுன்னு எங்களுக்கு உத்தரவு. அப்புறம் பார்த்தா, சிதறிக் கிடந்த காலிப் பெட்டிய எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா, ஒரு கோணல் இல்லாம அடுக்கி வெச்சிருக்கான். பாவி, ஒரே அடி. ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டான். கோர்ட்டுல டாக்டர் ஆட்டிசம்னு ஏதோ சொன்னார். எனக்கு அது என்னன்னே தெரியலை. மூணு தடவை கூப்பிட்டது சரிதான்னு என்னை விட்டுட்டாங்க. பெத்தவ பின்னால உட்கார்ந்திருந்தாளாம். நான் தலையைத் தூக்கவே இல்ல மேடம். இப்ப அவ கால்ல விழணும். எங்க போய்த் தேடுவேன்?”

அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். பென்சிலை எடுத்து, நாற்பத்தேழாம் பக்கத்து ஓரத்தில் இன்னொரு வரி எழுதி அவரிடமே தள்ளினார்.

அதே சாய்ந்த கையெழுத்து. ‘கடைசி அடிக்கும் சிரித்திருக்கிறான்.’

பெரியவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“நீங்கதான் தலையைத் தூக்கலை ஐயா. கோர்ட்டுல நான் அன்னைக்குப் பூரா உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்,” என்றார் அம்மா, புத்தகத்தின் பின் அட்டையில் அடுத்த வாரத் தேதியைக் குத்தியபடி. “வீட்டுல இந்த மாதிரி இன்னும் பதினோரு புத்தகம் இருக்கு, எல்லாத்துலயும் அவன் இருக்கான். ஒவ்வொண்ணாக் கொண்டு வரேன், வந்து படிங்க.”