காவலாளியின் நாக்கு

விலா எலும்பின் உள்பக்கம் ஒட்டியிருந்த சவ்வைப் பழைய துணியால் பிடித்து, ஒரே இழுப்பில் உரித்தெடுத்தாள் அவள்.

"பாம்புச் சட்டை மாதிரி வருதே," என்றார் கணவர்.

"வேடிக்கை பார்த்தது போதும். அந்த மெஷினுக்கு ஒயரை மாட்டுங்க."

மெஷின் என்பது சூடான காற்றிலேயே பொரித்தெடுக்கும் ஏர் ஃப்ரையர், மகள் வாங்கிக் கொடுத்தது. நாலு மாதமாகப் பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் தூங்கியது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடிவு பிறக்கக் காரணம், கேன்டீனுக்கு வந்திருக்கும் புது மேனேஜர்.

அவள் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல்காரி. தினமும் இருநூறு தட்டு. அதே தொழிற்சாலையின் வாசலில் அவர் காவலாளி.

'வரும் சனிக்கிழமை பார்பிக்யூ பன்றி விலா' என்று மேனேஜர் பலகையில் எழுதிவிட்டார். சமைக்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஆயுளில் அதைச் செய்ததில்லை. அதனால்தான் இன்று வீட்டில் ஒத்திகை.

அதுகூடப் பெரிதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து உப்பும் சர்க்கரையும் ஒன்று. பூண்டும் பச்சைத் தண்ணீரும் ஒன்று.

ருசி தெரியாத சமையல்காரியை எந்தக் கேன்டீன் வைத்துக்கொள்ளும்? விஷயம் கசிந்தால் மறுநாளே கரண்டி வேறு கைக்குப் போய்விடும்.

தெரிந்தது அவருக்கு மட்டும்தான். அதனால் அவர் நாக்குதான் அவளுக்கும் நாக்கு. தினமும் பதினொரு மணிக்கு ஒரு சின்ன டப்பாவை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். காவல் கூண்டுக்குள் திரும்பி நின்று அவர் ஒரு வாய் போட்டுப் பார்ப்பார். தலையாட்டினால் ஓடிவந்து அடுப்பை அணைப்பாள்.

இந்த எட்டு மாதத்தில் ஒரு தட்டுகூட மிச்சத்தோடு திரும்பியதில்லை.

"நீங்க மட்டும் இல்லேன்னா என் பிழைப்பு அவ்வளவுதான்," என்று அடிக்கடி சொல்வாள். அவர் காதில் விழாததுபோல் தொப்பியைத் துடைப்பார்.

விலாவை மூன்று மூன்று எலும்பாக வெட்டினாள். தக்காளி, நாட்டுச் சர்க்கரை, வினிகர், பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துப் பாகுபோலக் காய்ச்சி, தாராளமாகப் பூசி மெஷினின் கூடையில் அடுக்கினாள்.

கேன்டீன் கை. இறைச்சி என்றால் முதலில் மசாலாவைப் பூசித்தான் அதற்குப் பழக்கம். சர்க்கரைப் பாகைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பூசவேண்டும் என்று யார் சொன்னார்கள்?

நூற்று எண்பது டிகிரி. இருபத்தைந்து நிமிடம்.

"இங்கேயே இருங்க. கருகினா உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, மெஷினுக்கு எதிரே தொழிற்சாலை கேட்டில் உட்கார்வதுபோலவே விறைப்பாக உட்கார்ந்தார்.

அவள் உள்ளறையில் துணி மடிக்கப் போனாள்.

நான்காவது சட்டையை மடிக்கும்போது மூக்குக்குள் ஏதோ குத்தியது.

தும்மல் என்று நினைத்தாள். தும்மல் வரவில்லை. மறுபடி குத்தியது. கொஞ்சம் கசப்பு, அதற்கு அடியில் ஒரு இனிப்பு. சர்க்கரை கருகும் வாசனை.

வாசனை!

சட்டையை முகத்தில் அழுத்தி முகர்ந்தாள். சோப்பு. தலையணையை முகர்ந்தாள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். பைத்தியக்காரிபோலச் செருப்பைக்கூட எடுத்து முகர்ந்து, சிரித்துவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து வந்த முதல் வாசனை கருகல். போகட்டும், வந்ததே.

அவரிடம் சொல்லச் சமையலறைக்கு ஓடினாள். வாசற்படியிலேயே கால் நின்றுவிட்டது.

கருகல் நெடி அங்கே தொண்டையை அடைத்தது. மெஷினின் பின்பக்கமிருந்து புகை மெல்லிய கோடாக ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் ஓடும் எண்களின்மேல்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. வாசனை எப்படித் தூக்குது தெரியுமா."

அவள் போய்க் கூடையை வெளியே இழுத்தாள். மேல்பக்கம் கரியாக இருந்தது.

அவர் கரியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அவள் ஒரு துண்டை எடுத்துக் கத்தியால் கருகலைச் சுரண்டினாள். உள்ளே கறி பதமாக வெந்திருந்தது. வாயில் போட்டாள். இனித்தது, புளித்தது, கடைசியில் காரம் எட்டிப் பார்த்தது. உப்பு அளந்து போட்டதுபோல இருந்தது.

அவள் அளக்கவில்லை. எப்போதும்போலக் கைதான் அள்ளிப் போட்டது.

"உங்களுக்கு எப்போலேருந்து?" என்று கேட்டாள்.

"உனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் எனக்கு வந்துச்சே, அப்போலேருந்து. சொன்னா நீ அன்னிக்கே வேலையை விட்டிருப்பே."

அவள் ஸ்டூலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். எட்டு மாதம், தினம் இருநூறு தட்டு. ஒரு நாள்கூட யாரும் ருசி பார்க்கவில்லை.

"அப்போ தினமும் தலையாட்டினது?"

"டப்பாவையா பார்த்தேன்? உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன்," என்றார் காவலாளி. "தைரியமா வந்தா ஒரு தடவை ஆட்டுவேன். பயந்துபோய் வந்தா ரெண்டு தடவை."