மூன்று நாள் லீவு

"தொரை வேஷம் எனக்குத்தான் வேணும் சார். லீவு கேட்டு வர்ற தொழிலாளியா எங்கம்மா நடிக்கட்டும்."

மோனிஷா இப்படிக் கேட்டதும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

வரலாற்று ஆசிரியர் அனந்தநாராயணனுக்குச் சங்கடமாகிவிட்டது. பாலக்காட்டிலிருந்து ஏலப்பாறைக்கு மாற்றலாகி வந்தவர். தேயிலைத் தோட்ட வரலாற்றைப் புத்தகத்தை வைத்து நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று நாடகமாக்கியவரும், வீட்டிலிருப்பவர்களும் வந்து நடிக்கலாம் என்றவரும் அவர்தான். தோட்ட மேனேஜரான துரை லீவு மறுப்பார், தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்வார்கள், பேச்சுவார்த்தை நடக்கும். யார் என்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு அட்டையில் எழுதியும் வைத்துவிட்டார்.

"பெத்த தாயையே கையக் கட்டி நிக்க வைக்கப் போறா. கொழுப்பப் பாரு!" என்று அருண்பாண்டி முணுமுணுத்தான்.

அனந்தநாராயணனுக்கும் அதே நினைப்புதான். நாலு எழுத்துப் படித்ததும் பிறந்து வளர்ந்த லயத்து வீடு மறந்துவிட்டது போலிருக்கிறது!

மறுநாள் கொழுந்தெடுக்கப் போகாமல் மோனிஷாவின் அம்மா சாந்தம்மாள் வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றினாள். மேசைக்கு எட்டத் தள்ளி, குனிந்து நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை.

"தொரே, வீட்டுக்காரரு தேனி ஆஸ்பத்திரில கெடக்காரு. மூணு நாள் லீவு வேணும் தொரே."

மோனிஷா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கங்க. ஜீப்பு நிக்குது, ஏறுங்க."

"மோனிஷா! லீவு கெடையாதுன்னுதானே அட்டைல எழுதியிருக்கேன்? நீ குடுத்துட்டா அப்பறம் ஸ்டிரைக் எங்கேர்ந்து வரும்?"

"எட்டு வருசத்துக்கு முன்னால எங்க தோட்டத்துத் தொரை கெடையாதுன்னுதான் சொன்னாரு சார். அம்மா போய்ச் சேர்றதுக்குள்ள அப்பா போயிட்டாரு. ஒரு தடவையாச்சும் யாராச்சும் 'சரி, போ'ன்னு சொல்றத அம்மா கேக்கணும்னுதான்..."

அனந்தநாராயணனுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

சாந்தம்மாள் காதில் இது எதுவுமே விழவில்லை. விறுவிறுவென்று வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பக் கெளம்புனா அவர உசுரோட பாத்துரலாமுல்ல தொரே?"