நெஞ்சு வரைக்கும் சோளம்

அக்கா, மாமா உயிரோடதான் இருக்காரு. அத மொதல்ல படி.

நீ வேலையில இருப்ப, நான் பேசி அனுப்புனா கேக்க முடியாது. என் ரெண்டு கையும் அவர் மணிக்கட்டப் பிடிச்சிருக்கு. போன் பக்கத்துல பலகை மேல கெடக்கு, நான் பேசப் பேச அதுவே எழுதுது.

தானியத் தொட்டிக்குள்ள இருக்கோம். மூணு மாடி உசர இரும்புத் தொட்டி, பூரா மக்காச்சோளம். மோட்டார் போட்டா அடிவழியா லாரிக்கு இறங்கும்.

இன்னிக்கு இறங்கல. ஈரச் சோளம் ஒண்ணுக்கொண்ணு தோள் குடுத்து, நடுவுல பாலம் மாதிரி நின்னுடுச்சு. மோட்டார நிறுத்திட்டு, கம்பியால குத்திவிட மாமா உள்ள இறங்குனாரு.

பாலம் ஒடஞ்சுது. மாமா முட்டி வரைக்கும் பொதஞ்சாரு.

முட்டி வரைக்கும்தான்க்கா. "உங்கக்காகிட்ட மாட்டுனதுக்கு இது எவ்வளவோ பரவால்லடா"ன்னு சிரிச்சாரு.

இப்ப நெஞ்சு வரைக்கும்.

நாலு பேர் சேந்து இழுத்தாச்சு, அசையல. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியப் பிடிச்சிருக்கு, எல்லாம் சேந்து அவரப் பிடிச்சிருக்கு. ஒரு கை அள்ளுனா ரெண்டு கை சரியுது.

அவர் மூச்சு விட்டா, நெஞ்சு சுருங்குன எடத்துல சோளம் வந்து உக்காந்துக்குது. அடுத்த மூச்சு அந்த அளவுக்கு உள்ள போக மாட்டேங்குது.

தீயணைப்பு ஆளுங்க வந்துட்டாங்க. அவரச் சுத்திப் பலகை சொருகுறாங்க. அதுக்குள்ள இருக்கிறத மட்டும் அள்ளுவாங்களாம். அதுவரைக்கும் வாயே தொறக்கக் கூடாதுன்னு அவருக்குச் சொல்லிட்டாங்க. மூச்ச மிச்சம் பிடிக்கணுமாம்.

அப்பப் பாத்து மேஸ்திரி மேல் வாசல் வழியா தலைய விட்டு, மோட்டாரப் போட்டது யாருன்னு கேட்டாரு. கேக்குற நேரமாக்கா இது?

ஆள் உள்ள இருக்கும்போது மோட்டாரத் தொட்டவன அன்னிக்கே ஊருக்கு அனுப்பிடுவாங்க.

மாமா வாயத் தொறந்தாரு. வேணாம்னு தலையாட்டுனேன்.

"நான்தான் போடச் சொன்னேன்."

மூணு வார்த்தை. ஒதடு நீலமாயிடுச்சு.

மேஸ்திரி தலைய எடுத்துட்டாரு.

மாமா சொல்லலக்கா. அடியில சோளம் போயிட்டா கால் தானா வெளிய வந்துடும்னு நெனச்சு, நானாத்தான் ஓடிப்போய்ப் போட்டேன்.

போடாதடான்னு அவர் கத்துனது எனக்குக் கேட்டுச்சு.