முதலில் யாரை?

பரிதி தன் புது மனைவி தேன்மொழியோடும் அவள் மகள் இதழினியோடும் மின்கார் வாங்கப் போயிருந்தான். முதலில் ஓட்டிப் பார்த்த கார், விபத்து நேர்ந்தால் எல்லோரையும் ஒன்றுபோலக் காக்கும். இரண்டாவது கார், “முதலில் யாரைக் காப்பாற்ற வேண்டும்?” என்று உரக்கக் கேட்டு, திரையில் மூவர் பெயரையும் காட்டியது. தாயும் மகளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டிருக்க, அவன் சட்டென்று தன் பெயரைத் தொட்டான்.

ஓட்டிப் பார்க்கையில், பாலத்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே பாய்ந்தது. கார் தானாகவே ஒடித்துத் திரும்பி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

“யார் பேரைத் தொட்டீங்க, அங்கிள்?” என்று இதழினி முன்சீட்டைப் பற்றிக்கொண்டு கேட்டாள்.

“உன் பேரைத்தான்டா.”

அவள் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முதல்முறையாக, “அப்பா” என்றாள்.

“இந்தக் காரையே எடுத்துக்கலாங்க,” என்று தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரிதியால் கண்ணாடியில்கூடக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.