கரடியைத் தூக்கு!

“இன்னைக்கு அந்தக் கரடி கதையை முடிக்காம நான் சாப்பிடப் போறதில்ல!” என்று அவள் மேசையில் ஓங்கிக் குத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. பால் பாட்டிலும் கையுமாக நின்ற கணவர் பாவம், யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் முழித்தார்.

கரடி என்றால் காட்டில் திரிகிற கரடி இல்லை. யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து கிடக்கிறது ஒரு தகவல் களஞ்சியம். அதற்குச் சம்பளம் வாங்காமல் கணினிக் கருவிகள் எழுதிக் கொடுக்க ஒரு குழு. அங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர்தான்: ஆந்தை, பட்டாணி, கரடி. இவள் அங்கே ‘அக்கா’.

ஒரே ஆறு இரண்டு பெயரில் இரண்டு தடவை பதிவாகியிருந்தால், மோப்பம் பிடித்து ஒன்றாக்கும் கருவியை எழுதியது இவள்தான். குழுவின் முதல் கருவியே அதுதான். ஆனால் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அதில் ஒரு வரியை மாற்றக்கூடக் கரடி சம்மதிக்க வேண்டுமாம்!

அவள் இல்லாத நேரத்தில் குழுவின் அறிவிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதையெல்லாம் யார் படிப்பது? மொத்தமாக அழித்துவிட்டு வேலையில் இறங்கினாள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

“என்ன எழுதியிருக்கான்னு கேளுங்க! ‘பாத்துத்தான் அனுப்புனீங்களா, இல்ல கண்ணை மூடிக்கிட்டா?’ன்னு கேக்குறான். அதுக்கு முந்தி, ‘உங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது, வேற வேலை இருந்தா பாருங்க’ன்னான். யாரை? என்னை!”

“நீ எழுதி அனுப்புனதுல தப்பு ஏதாச்சும் இருந்துச்சா?” என்று கணவர் கேட்டுத் தொலைத்தார்.

“இருந்துச்சு. அதுக்கு? தப்பைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, ஆளைப் போட்டு மிதிக்கணுமா? சோறு தண்ணி இல்லாம அங்கேயே உக்காந்திருப்பான் போல. நான் அனுப்பின மறுநொடியே வந்து விழுது வசவு!” பாட்டிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “என்ன பால் இது, கட்டி கட்டியா? உங்களுக்கெல்லாம் ஒரு வேலை சொன்னேன் பாருங்க!”

கணவர் பாட்டிலை வாங்கிக் குலுக்க ஆரம்பித்தார். எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டவர் அவர்.

காலையிலேயே அவள் குழுவின் பொதுப் பக்கத்தில் போட்டு உடைத்திருந்தாள். ‘இப்படிப் பேசுகிற வாய் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதற்குப் பயந்தே எத்தனை பேர் ஓடிப்போயிருக்கிறார்கள்! இதையெல்லாம் எழுதிய ஆள் யாராக இருந்தாலும் தூக்குங்கள். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள்’ என்று எழுதி, கீழே கரடியின் வசவுகளை வரிசையாக ஒட்டியிருந்தாள்.

மதியத்துக்குள் குழு மொத்தமும் கை தூக்கிவிட்டது. அவள் பிரசவத்துக்குப் போவதற்கு முன்பே கோபித்துக்கொண்டு போன பழைய ஆட்கள்கூடத் தேடி வந்து கை தூக்கினார்கள்.

“பாத்தீங்களா? அத்தனை பேரும் எப்படிக் கொதிச்சுப்போய்க் கிடக்குறாங்கன்னு!” அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே குழுவின் நிர்வாகி பட்டாணியைப் போனில் பிடித்தாள்.

“என்னடி, கரடியைத் தூக்கியாச்சா?”

“அக்கா, கரடி வந்து…”

“வந்தும் ஆச்சு, போயும் ஆச்சு! நடுவுல பேசாதே. பத்து வருஷமா நான் ராப்பகலா உழைச்சுக் கட்டின குழு இது. காசு கேட்டேனா, பேரு கேட்டேனா? இந்த வீட்டுக்கு வெளியே எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நேத்து வந்த பய ஒருத்தன் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்குறான், நீங்கல்லாம் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்க. ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சொல்லு!”

பட்டாணியின் குரலில் இப்போது பழைய பயம் இல்லை.

“கரடி ஆளே இல்லக்கா. நீங்க போனப்புறம் சரிபாக்க ஆள் இல்லாம நாங்க எழுதி விட்ட புரோகிராம். அறிவிப்புல விவரமா போட்டிருந்தேன். தப்பைக் கண்டா, அதே மாதிரி தப்புக்கு முன்னாடி என்ன பதில் எழுதியிருக்கோ, அதை எடுத்து அப்படியே ஒட்டும். சொந்தமா ஒரு வார்த்தை வராது அதுக்கு.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் ஒரு புரோகிராமோடா மல்லுக்கு நின்றோம்? கணவர் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அவமானத்தில் கோபம் இரண்டு மடங்கானது.

“சரி, அந்தப் பழைய பதிலை எழுதினது ஒரு ஆள்தானே? அந்த ஆளைத்தானே தூக்கச் சொல்லி எழுதினேன்? எல்லாரும் கை தூக்கியாச்சுல்ல? அப்புறம் என்னடி யோசனை? தயவு தாட்சண்யமே பாக்காதே. இப்பவே தூக்கு!”

“தூக்கியாச்சுக்கா” என்றாள் பட்டாணி. “அந்தப் பதிலெல்லாம் நீங்க எழுதினது.”