புழு சொன்ன இடம்

"எங்க புடிச்சீங்க, கேப்டன்?"

"தெக்கே. செத்ரோஸ் தீவுக்கு அந்தாண்ட."

எவரிஸ்தோ கூசாமல் சொன்னார். மீன் விழும் இடம் என்பது, கேளுங்கள், என்செனாடா துறைமுகத்தில் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ரகசியம். மேற்கே போனவன் தெற்கே என்பான். கேட்டவனும் நம்பாமலே தலையாட்டுவான்.

இந்த யோலண்டா மட்டும் தலையாட்டவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துப் பெண்ணாம். மூன்று மாதமாகப் படகு படகாக ஏறி, வாள்மீனின் செவுளைக் கீறி, ஒட்டுப்புழுக்களை இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போடுகிறாள். மீனை விட்டுவிட்டுப் புழுவுக்கு அலைகிறாளே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எவரிஸ்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரசாங்கத்து உளவா, போட்டிப் படகுக்காரன் அனுப்பிய ஆளா? அந்த ஓர் இடம் வெளியே தெரிந்தால் அவர் பிழைப்பு போச்சு.

அவள் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"செத்ரோஸ் மீனுல இந்தப் புழு இருக்காது, கேப்டன்."

"மீன் என்ன ஒரே எடத்துலயா குந்தியிருக்கும்? நீந்தி வந்திருக்கும்."

இந்தப் புழு ஒருவகைக் கணவாய்க்குள் வளர்ந்து, அதைத் தின்னும் மீனுக்குத் தொற்றுகிறது என்றாள். அந்தக் கணவாய் கூடுவது மேற்கே, கடலடியில் மலை இருக்கும் இடத்தில். எந்த மலை என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லையாம்.

எவரிஸ்தோ அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யாரும்மா உன்னை அனுப்புனது? நெசத்தைச் சொல்லு."

"யாரும் அனுப்பல." பைக்குள்ளிருந்து மங்கிப்போன புட்டி ஒன்றை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். உள்ளே அதே புழு. "எங்கப்பா கடைசியா வீட்டுக்குக் கொண்டாந்த மீனுல இருந்தது. அடுத்த வாரம் போனவரு, எஞ்சின் நின்னுடுச்சுன்னு ரேடியோவுல சொன்னாரு. எடத்தைச் சொல்றதுக்குள்ள பேச்சு அறுந்துபோச்சு. வீட்டுல தெக்கேன்னுதான் சொல்லிட்டுப் போயிருந்தாரு. பதினோரு நாள் தெக்கேயே தேடுனாங்க. அவரு நெசமா போன எடத்துல ஒரு பூவாவது போடணும், கேப்டன்."

எவரிஸ்தோவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேடும் படகுகள் தெற்கே கிளம்பிய அந்தப் பதினோரு நாளும், அவள் அப்பாவை அதற்கு முன்பே திருட்டுத்தனமாகப் பின்தொடர்ந்து போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே ஆள், இதே துறையில் வாய் திறக்காமல் நின்றிருந்தார்.